திரும்பி நின்ற வேன்

அன்று அந்தக் கொட்டகையில் இருந்தது நாலே பேர். நான், மெக்கானிக் மொய்தீன் பாய், சாந்தோம் ஸ்டெல்லா டீச்சர், அவருடைய வீட்டுக்காரர் அருளப்பன் சார். வழக்கமாக ஒரு பூனை வந்து போகும், அன்று அதுகூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் பாதியில் நிறுத்தி, வேறு யாராவது உள்ளே வந்திருப்பார்கள், நீ கவனித்திருக்க மாட்டாய் என்கிறார்கள். யாரும் வரவில்லை. உள்ளே வர ஒரே ஒரு வழிதான், அந்த வழியில்தான் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.

நான் பயந்த சுபாவம், அதை மறைக்க ஒன்றுமில்லை. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். போன் அடித்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பேய், ஆவி, மாயம் இதற்கெல்லாம் நான் பயந்ததே கிடையாது, நம்பியதும் கிடையாது. வாடகை, கரண்டு பில், பெண்ணின் காலேஜ் பீஸ் என்று இருக்கிற விஷயங்களுக்குப் பயப்படவே எனக்கு நேரம் போதவில்லை, இல்லாத விஷயத்துக்கு எங்கே போவது.

மந்தைவெளியில் எனக்குக் குஷன் கடை. சோபா, கார் சீட், ஆட்டோ சீட் எதுவானாலும் தைப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊசியைப் பிடித்தவன், இன்று வரை அதே ஊசிதான். டீச்சர் வீட்டுச் சோபாவுக்கு அளவெடுக்கப் போனபோதுதான் அந்த வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் கை கழுவப் போனேன். சரிந்து கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியிலிருந்து, ஒரு ஜன்னல் வழியாக, ஒட்டகம் ஒன்று என்னை எட்டிப் பார்த்தது.

மாதா கோவிலில் கிறிஸ்துமஸுக்கு வைக்கிற குடிலின் ஒட்டகம் அது. ஆடு, மாடு, மூன்று ராஜாக்கள் எல்லோரும் உள்ளேதான் அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுப்பார்கள், மறுபடி உள்ளே வைப்பார்கள், அவ்வளவுதான் அந்த வண்டிக்கு வேலை. நான் ஒட்டகத்தைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டேன். நம்பினால் நம்புங்கள், அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வீட்டையே மடித்து வைத்திருந்தார்கள். பெஞ்சியை இழுத்தால் கட்டில். பலகையைத் தூக்கினால் சின்னதாக ஒரு தொட்டி, பக்கத்தில் ஒற்றை அடுப்பு. இன்னொரு பலகையைத் திருப்பினால் சாப்பாட்டு மேஜை. கூரையில் ஒரு கைப்பிடி, அதைத் தள்ளினால் கூரை ஒரு பக்கமாகக் குடை மாதிரி எழும்பும், கோடு போட்ட துணிச் சுவரோடு. துணி மக்கி என் கையோடு வந்துவிட்டது, ஆனால் மரவேலை ஒரு இழைகூடப் பிரியவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது, இன்ஜின் பின்னால்.

அருளப்பன் சாரின் அப்பா காலத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி தரைவழியாகவே அந்த ஜெர்மன் வேனை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவர்கள் வீட்டு மாடியில் கொஞ்ச நாள் தங்கினார்களாம். திடீரென்று ஊருக்குப் போக வேண்டி வந்து, விமானத்தில் போய்விட்டார்கள், வண்டியை இவர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு. அவரும் சுங்கம் கட்டி நம்பர் வாங்கினார், கொஞ்சம் ஓட்டினார், அப்புறம் அது பின்பக்கம் போய் ஒட்டகத்துக்கு வீடாகிவிட்டது. அடையாறிலிருந்து பழைய கார் வாங்கிச் சேர்க்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வேன் கிடைக்கும், இப்படி உள்வேலை கலையாத வேன் இந்த நாட்டிலேயே இன்னொன்று இருக்குமா தெரியாது என்றார். என்ன விலை வேண்டுமானாலும் சொல்லச் சொன்னார். சார் படுத்தபடியே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

படுத்தபடியே என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அதுதான். சார் தபால் ரயிலில் வேலை பார்த்தவர், ஓடுகிற பெட்டியில் கடிதம் பிரிக்கிற வேலை. முதுகுத் தண்டில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடக்கலாம், ஆனால் உட்கார முடியாது. கால் மணி நேரம் உட்கார்ந்தால் வலி தாங்காமல் முகம் வெளுத்துவிடும். ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது டீச்சர் வேண்டிக்கொண்டார், இவர் உயிரோடு வந்தால் வேளாங்கண்ணிக்குக் கூட்டி வருகிறேன் என்று. வேளாங்கண்ணிக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். படுத்துக்கொண்டேதான் போக வேண்டும், அப்படியானால் ஆம்புலன்ஸ்தான். சாரோ பிடிவாதமாக, மாதாவைப் பார்க்க ஆம்புலன்ஸில் போக மாட்டேன், அவள் பயந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டார்.

கட்டி முழுதும் போகவில்லை என்று டாக்டர் டீச்சரிடம் மட்டும் சொல்லியிருந்தார். டீச்சர் அதை என்னிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னார். "மழைக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிரணும் சேகர். அதுக்கப்புறம் அவரால முடியுமோ என்னமோ." அந்தக் கட்டில் வண்டியை அவர்களுக்கு ஞாபகப்படுத்தியவன் நானே ஆகிவிட்டேன். பின்னால் கிடக்கிறதே டீச்சர், அதில் படுத்துக்கொண்டே போகலாமே என்று வாயை விட்டது நான்தான். விட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

மொய்தீன் பாயைக் கூப்பிட்டேன். ராயப்பேட்டைக்காரர், பழைய வண்டி என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. என் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு, தெருவிலிருந்து நேராக உள்ளே போகும், நீளம் அதிகம், அகலம் எட்டடிதான். வண்டி பதினாலு அடி. தெருவில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, மூக்கு உள்ளே பார்க்கிற மாதிரி அதைத் தள்ளி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் பக்கத்து வீட்டு மதில், கையை நுழைக்கலாம். இன்னொரு பக்கம் ஒரு ஆள் போய்வர இடம். நல்ல வேளையாகக் கதவு அந்தப் பக்கம் இருந்தது.

வேலை நடந்தது. பாயின் ஆட்கள் வண்டியின் துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துத் தகடு அடித்தார்கள். பேப்பர் வேலையெல்லாம் டீச்சரின் தம்பி அலைந்து முடித்தார். பாய் இன்ஜினைக் கழற்றித் தெருப்பக்கம் தார்ப்பாயில் பரப்பிவிட்டார். நான் பழைய மெத்தையைப் பிரித்தேன், உள்ளே என்ன இருந்தது தெரியுமா, தேங்காய் நார். எங்கேயோ குளிர் தேசத்தில் செய்த மெத்தைக்குள் நம் ஊர் நார். இங்கிருந்து கப்பலில் போய், அங்கே மெத்தையாகி, தரைவழியாக மறுபடி இங்கே வந்து என் மடியில் விழுந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை எனக்கு.

அப்போதுதான் அந்தக் கவலை வந்தது. கட்டில் வண்டியின் நீளவாக்கில் விரியும், தலை பின்பக்கம், கால் முன்பக்கம். வேளாங்கண்ணி தெற்கே இருக்கிறது. வண்டியின் மூக்கு தெற்கு என்றால் பின்பக்கம் வடக்கு. உடம்பு சரியில்லாத மனுஷர் பகல் முழுக்க வடக்கே தலை வைத்துப் படுத்துப் போவார். எங்கள் வீட்டில் குழந்தைகூட வடக்கே தலை வைக்காது. இது நம்பிக்கையா என்று கேட்டால் இல்லை, பழக்கம், செருப்பை வெளியே கழற்றுகிற மாதிரி. யோசித்து யோசித்து, யாரிடமும் சொல்லாமல், மெத்தையின் தலைமேட்டை மாற்றி முன்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். முன்பக்கம் தலை வைத்தால் தெற்கு. நல்ல வேலை செய்துவிட்டோம் என்று எனக்கு ஒரே நிம்மதி. பாய்தான் கண்டுபிடித்தார்.

"இன்னா சேகரு, தலகாணி மேடு கால் பக்கம் கீது?"

விஷயத்தைச் சொன்னேன். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"போறப்ப சரி நைனா. திரும்பி வர்றப்ப வண்டி வடக்கால பாத்து வரும். அப்ப இன்னா பண்ணுவ, ரிவர்ஸ்லயே ஓட்டிகினு வர்றதா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அன்று முழுக்க பாய் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு இதைச் சொல்லிச் சிரித்தார்.

இனிமேல்தான் அந்த நாள். ஆடி மாதம், பிற்பகல், நல்ல வெளிச்சம். நாலு சக்கரங்களையும் கழற்றிப் புது டயர் போடப் புதுப்பேட்டைக்கு அனுப்பியிருந்தோம். வண்டி நாலு மரக்கட்டை அடுக்கின் மேல் நின்றது. இன்ஜின் இன்னும் தார்ப்பாயில்தான். மெத்தை அளவு சரியா என்று பார்க்க டீச்சர் சாரை ஆட்டோவில் அழைத்து வந்தார். ஸ்டூல் போட்டு, பாயும் நானும் தாங்கி, பக்கக் கதவு வழியாக உள்ளே ஏற்றினோம். சார் படுத்தார், என் தலைமேடு அவர் காலில் இடித்தது. என்ன தையற்காரனப்பா நீ என்று சிரித்துவிட்டு, மேட்டின்மேல் காலைப் போட்டுக்கொண்டு, தலையைப் பின்பக்கமே வைத்துக்கொண்டார். முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிய வேண்டாமா என்றார். கொட்டகையில் வண்டியின் மூக்கு தெற்கே. அவர் தலை சரியாக வடக்கே.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது. சொல்வதற்குள் சார் தூங்கிவிட்டார். டீச்சர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் மாத்திரை இல்லாமல் தூங்கியதே இல்லையாம். ரயிலில் படுத்தே பழகினவர், நிற்கிற கட்டிலில் தூக்கம் வராது என்பாராம். தூங்கட்டும் என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு மூன்று பேரும் வெளியே வந்து, கொட்டகை வாசலில் வண்டியின் பின்பக்கத்துக்கு எதிரே உட்கார்ந்தோம். எனக்கும் வண்டிக்கும் நாலடிகூட இருக்காது. பின்கண்ணாடி வழியாக சாரின் நரைமுடி தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவலைப்படுகிறவன் வேறு எங்கே பார்ப்பான்.

டீச்சர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி என் பெயரைச் சொன்னார். நான் திரும்பி டம்ளரை வாங்கினேன். சூடாக இருந்ததால் வேட்டி நுனியால் பிடித்துக்கொண்டேன். மறுபடி வண்டியைப் பார்த்தேன்.

எனக்கு எதிரே வண்டியின் முகம் இருந்தது.

இதை எப்படிச் சொன்னாலும் சரியாக வருவதில்லை. பின்கண்ணாடி இருந்த இடத்தில் முன்கண்ணாடி. விளக்குகளைக் கழற்றி வைத்திருந்தோம், அந்த இரண்டு வட்டக் குழியும் என்னையே பார்த்தன. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால், அந்தக் கோடியில் சாரின் தலை, எங்கள் பக்கமாக அவருடைய இரண்டு பாதங்கள். தலை இருந்த திசையில் கால். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை, ஒரு தூசி கிளம்பவில்லை. டம்ளரில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, மாரடைப்பு வந்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். அப்போது பக்கத்தில் டீச்சர் சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது. பாய் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் பயம் இல்லை, எப்படிச் சொல்வது, முதல்முறை கடலைப் பார்க்கிற குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

"சேகரு, உனக்கும் தெரியுதா?"

"தெரியுது பாய்."

பதினாலு அடி வண்டி எட்டடிக் கொட்டகையில் திரும்ப முடியாது. கிரேன் வைத்தாலும் முடியாது, கூரையைப் பிரித்தால்தான் உண்டு. கட்டை அடுக்குகள் வைத்த இடத்தில் வைத்தபடி, பாய் சாக்கட்டியால் போட்ட குறிகூட அழியாமல் இருந்தன. சக்கரம் இல்லை. இன்ஜின் இதோ காலடியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாய் மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தார், முன்சக்கரம் மாட்டுகிற இடத்தில் பிரேக் டிரம் இருக்கும் அல்லவா, அதன் மேல் கையை ஊன்றினார். ஊன்றியவர் வெடுக்கென்று கையை இழுத்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது. நீண்ட தூரம் ஓடி, பிரேக் பிடித்துப் பிடித்து வந்த வண்டியில்தான் டிரம் அப்படிக் கொதிக்கும். நான் நம்பாமல் விரலை நீட்டினேன், தொட வேண்டியதே இல்லை, கிட்டப் போகும்போதே அனல் அடித்தது. நாலு பக்கமும் அப்படித்தான்.

"இது ஓடியிருக்குது நைனா" என்றார் பாய், ரொம்ப மெதுவாக.

உள்ளே சார் கண் விழித்தார். டிரைவர் பக்கக் கதவு இப்போது ஆள் போகிற பக்கம் வந்திருந்தது, அது வழியாக பாய் தலையை விட்டார். சார் அவ்வளவு தெளிவான முகத்தோடு சிரித்தார்.

"வண்டி நல்லா ஓடுது பாய். குலுக்கலே இல்ல."

டீச்சர் அப்போதுதான் அழுதார். சார், ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார், இறங்க வேண்டும் என்றார். இறங்க முடியாது. பெரிய கதவு இப்போது மதில் பக்கம், ஒரு சாண் திறந்தால் சுவர். முன்சீட்டைத் தாண்டி வளைந்து வர அவர் முதுகு விடாது. ஐயோ, உள்ளேயே மாட்டிக்கொண்டாரே என்று நான் துடித்தேன். பாய் புதுப்பேட்டைக்குப் போன் போட்டு, டயர் போட்டது போதும், இருக்கிற நிலையில் கொண்டுவா என்று கத்தினார். சக்கரம் வரும் வரை டீச்சர் டிரைவர் ஜன்னலில் கையை விட்டுச் சாரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், இரண்டு பேரும் ஜெபமாலை சொன்னார்கள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், எனக்கு அந்த ஜெபம் தெரியாது, இருந்தாலும் வாய் தானாக அசைந்தது.

சாயங்காலம் சக்கரம் மாட்டி, ஆட்டோக்காரர்கள் வந்து வண்டியை இழுத்து வெளியே கொண்டுவந்து, கதவைத் திறந்து சாரை இறக்கினோம். ஆட்டோக்காரர்களில் ஒருவன் கேட்டான், "மூஞ்சி உள்ள பாத்துத்தான தள்ளி வுட்டோம், எப்ப அண்ணே திருப்புனீங்க, எங்கள கூப்புடவே இல்ல?" அவனுக்குக் கோபம், திருப்புகிற வேலைக்கு வேறு யாரையோ கூப்பிட்டுக் காசு கொடுத்துவிட்டோம் என்று. பாய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நாங்கள் மூன்று பேரும் சாரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்ஜின் ஏறியது, கூரைத் துணி தைத்தேன், விளக்கு வந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவின் கொடியேற்றக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஒரு அதிகாலையில் கிளம்பினோம். பாய் ஓட்டினார், நான் முன்சீட்டில். சார் அவர் இஷ்டப்படியே, தலை பின்பக்கம், பக்கத்தில் டீச்சர். வடக்கு. நான் பாதி வழி பின்னால் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தேன், அவர் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று. கடலூர் தாண்டி, சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் வருவதற்கு முன்னால் சார் படுத்தபடியே சாதாரணமாகச் சொன்னார், பாய், மெதுவா, பாலம் இறங்கினதும் வைக்கோல் லாரி கவிழ்ந்து கிடக்கும், ஒரு பக்கம்தான் விடுவாங்க, அந்த வைக்கோலை ஒரு வெள்ளை மாடு தின்னுகிட்டு நிக்கும் என்று. பாய் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பாலம் இறங்கினோம். லாரி கிடந்தது. போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி ஒரு பக்கமாக விட்டார். வெள்ளை மாடு, யாரையும் சட்டை செய்யாமல், வாய் நிறைய வைக்கோலோடு நின்றது. டீச்சர் சாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பயமாகவே இல்லை, அதுதான் ஆச்சரியம். என் வாழ்க்கையில் கவலையே இல்லாமல் இருந்த நேரம் என்று ஒன்று உண்டென்றால், அந்தப் பாலத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும்தான்.

மாதாவைப் பார்த்தார். சக்கர நாற்காலியில் கோவில் வாசல் வரை, அப்புறம் டீச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். நான் வெளியே மணலில் நின்றேன். இரவு தங்கி, மறுநாள் திரும்பினோம்.

திரும்புகிற வழியில், புதுச்சேரி தாண்டிச் சாப்பிட நிறுத்தியபோது, டீச்சரும் பாயும் கீழே இறங்கியிருந்தார்கள். சாரும் நானும் மட்டும் வண்டியில். அத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"சார், அன்னிக்குக் கொட்டகைல தூங்கினீங்களே, அப்ப நீங்க எங்க போனீங்க?"

"இங்கதான். இந்த ரோடுதான். போய்ட்டு வந்தோம்."

"யார் சார் ஓட்டினது?"

இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார்.

"நீதான்பா. நல்லாத்தான் ஓட்டுற. வளைவுல மட்டும் ஹாரன் அடிக்க மாட்டேங்குற."

எனக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்கூடப் பயந்து வாங்கவில்லை. நான் டீ டம்ளரோடு வண்டிக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன், டீச்சர் பார்த்தார், பாய் பார்த்தார். அப்படியே சிரித்து வைத்தேன். அதற்கப்புறம் ஒரு நாள் டிரைவர் சீட்டில் ஒரு தையல் விட்டிருந்தது, சரிசெய்ய ஏறி உட்கார்ந்தேன். இடது பக்க ஸ்டியரிங், கியர் வலது கையில். பார்க்காமலே என் கை கியர்மேல் போய் உட்கார்ந்தது. எது எங்கே என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஊசியை அப்படியே போட்டுவிட்டு இறங்கிவிட்டேன், அந்தத் தையலைப் பாயின் ஆள்தான் போட்டான், கோணல் மாணலாக.

அந்தப் பயணம் முடிந்து சாந்தோம் வந்து இறங்கியதும் சார் பர்ஸை எடுத்துப் பாய்க்கு இரண்டு நாள் டிரைவர் பேட்டா கொடுத்தார், ஒரு நாளைக்கு அறுநூறு. பாய் வேண்டாம் என்றார், சார் விடவில்லை, ஓட்டினவனுக்குப் பேட்டா வைக்காமல் இருக்கக் கூடாது என்றார். அப்புறம் என் பக்கம் அதே அளவு பணத்தை நீட்டினார். நான் ஓட்டவே இல்லையே சார் என்றேன்.

"இந்த டிரிப்புக்கு இல்லப்பா. அன்னிக்கு ஓட்டினியே, அதுக்கு."

நான் வாங்கவில்லை. கை நீளவில்லை. அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் சார் போய்விட்டார், வீட்டிலேயே, தூக்கத்தில். காரியமெல்லாம் முடிந்து நான் போனபோது டீச்சர் சொன்னார். "கடைசில அவர் எங்கிட்ட சொன்னது ரெண்டே விஷயம் சேகர். வண்டிய விக்காத. சேகருக்குப் பேட்டா பாக்கி."

டீச்சர் அதை ஒரு கவரில் போட்டு, மேலே என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் எடுத்துவந்து நீட்டுகிறார், நான் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டுகிறேன். வாங்கிக்கொண்டால் ஓட்டினது நான்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அப்புறம் நான் யார், டீ குடித்துக்கொண்டிருந்தவன் யார். வாங்காமல் இருந்தால் அந்த நல்ல மனுஷர் கடனோடு போய்ச் சேர்ந்த மாதிரி, அதுவும் எனக்குப் பட்ட கடன். போன மாதம் பாயைக் கேட்டேன், அவர் தன் உள்ளங்கையில் இருக்கிற சூட்டுத் தழும்பைப் பார்த்துக்கொண்டே, வேல செஞ்சிருந்தா வாங்கிக்க நைனா என்றார். செய்தேனா என்றுதானே பாய் எனக்குத் தெரியவில்லை என்றேன். கவர் இன்னும் டீச்சர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ரூபாய்.